ஏட்டையா விரட்டிய வௌவால்கள்

துரியன் பழம் வீட்டுக்குள் இருக்கிறதென்றால் விருந்தாளி வாசலோடு நின்றுகொள்வார். அப்படி ஒரு வாடை. நான் ராயகிரியில் சோளத்தையும் பருத்தியையும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் குற்றாலத்துக்கு வந்த முதல் ஆடியில் அந்த வாடை மூக்கில் ஏறியதும், கேஸ் சிலிண்டர் ஒழுகுகிறது என்று சத்தம் போட்டுப் பக்கத்துத் தோப்புக்காரர்களை எல்லாம் கூட்டிவிட்டேன். அப்பேர்ப்பட்ட பழம் காய்க்க வேண்டுமே என்று பின்னாளில் நானே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். எல்லாம் என் வீட்டுக்காரர் செய்த வேலை.

எங்கள் தோப்பு ஐந்தருவிக்குப் போகிற பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கிறது. வீடும் அதற்குள்ளேயேதான். ரம்புட்டான், மங்குஸ்தான், கொஞ்சம் கிராம்பு, வேலியோரம் வாழை. நடுவில் இரண்டு துரியன் மரங்கள். அவற்றை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது; என் மாமனார் டவுசர் போட்ட காலத்திலேயே காய்த்துக்கொண்டிருந்தனவாம். குழந்தை இல்லாதவர்கள் இந்தப் பழத்தைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். பலன் உண்டா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் அதை வாயில் வைக்குமுன்னே இரண்டு பெற்றுவிட்டேன்.

இந்த அடிவாரத்தில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்பது என் கண் முன்னாலேயே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. நான் வந்த புதிதில் காலை வேளையில் இருவாச்சி பறக்கிற சத்தம் கேட்கும், தலைக்கு மேலே யாரோ பெரிய முறத்தை வீசுகிற மாதிரி. இப்போது அதைக் கேட்க வேண்டுமென்றால் மேலே காட்டுக்குள் போக வேண்டும். கிராம்பு மரத்துக்கு வந்துகொண்டிருந்த மலை அணிலும் எப்போதாவதுதான் தலை காட்டுகிறது. ஆனால் மயில் வந்துவிட்டது. ராயகிரியில் நான் பாவாடை கட்டிய காலத்தில் மயிலை முருகன் படத்தில்தான் பார்த்தோம். இன்றைக்கு அங்கே மொட்டைமாடியில் வடகம் காயப் போட்டால் கம்போடு ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். காட்டுப்பன்றியும் அப்படித்தான். முன்பெல்லாம் மழை பொய்த்த வருஷம் ஒன்றிரண்டு இறங்கும். இப்போது குடும்பத்தோடு வந்து வாழைக்கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகிறது. மலைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த புதர்க்காடெல்லாம் வீடும் லாட்ஜும் ஆகிவிட்டது. பன்றிக்கும் மயிலுக்கும் எங்களுக்கும் நடுவே இப்போது ஒரு கம்பி வேலிதான் மிச்சம்.

இத்தனைக்கும் நடுவில் மாறாமல் இருந்தது வௌவால் ஒன்றுதான். தோப்புக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் ஐந்து மருத மரங்கள். அவற்றில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்கும். ஒவ்வொன்றும் இறக்கையை விரித்தால் தோளில் போடுகிற துண்டு அளவுக்கு இருக்கும். பகலெல்லாம் கீச்சு கீச்சென்று இடத்துக்குச் சண்டை. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒவ்வொன்றாகக் கிளம்பும். அதைப் பார்த்துத்தான் நான் அடுப்பில் உலை வைப்பேன்.

என் வீட்டுக்காரர் போலீஸில் முப்பத்து மூன்று வருஷம் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றார். ஊரில் எல்லாருக்கும் அவர் ஏட்டையா. ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே தோப்புக்குத் தானே டூட்டி போட்டுக்கொண்டார். முதல் குற்றவாளி பன்றி. கலர் கலராகச் சேலை ஆடினால் பன்றி மிரளும் என்று யாரோ சொல்ல, என் பழைய சேலைகளை எல்லாம் எடுத்து வேலி முழுக்கக் கட்டிவிட்டார். பன்றி மிரண்டதோ இல்லையோ, அருவிக்குப் போகிற ஜனம் காரை நிறுத்தி, "இங்கன சேலை விக்கீங்களா?" என்று கேட்டது. பிறகு நாலு மூலையிலும் கம்பம் நட்டு போகஸ் லைட் போட்டார். பொழுது சாய்ந்தால் எங்கள் தோப்பு கபடி மைதானம் போல ஜெகஜோதியாக இருந்தது. பன்றி வரத்து குறைந்தது என்பது உண்மை. அதை நான் மறுக்க மாட்டேன்.

அடுத்த குற்றவாளி வௌவால். அந்த வருஷம் ரம்புட்டானில் நல்ல காய்ப்பு. பாதியை அதுகள் சப்பிப் போட்டுவிட்டன. இவருக்குப் பொறுக்கவில்லை. தொடர்ந்து பதினாலு நாள், சாயங்காலமானால் மருத மரத்தடியில் சரம் சரமாக வெடி வெடித்தார். பதினைந்தாம் நாள் ஐந்து மரமும் காலி.

"பாத்தியாட்டி, ஒரு கேசு இல்ல, ஒரு கோர்ட்டு இல்ல. அத்தனையையும் ஊரக் காலி பண்ண வச்சுட்டேன்" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு.

எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். கொடியில் காயப் போட்ட துணியில் அதுகளின் எச்சம் இல்லாமல் எடுத்து மடிக்கிற பாக்கியம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. அன்றைக்கு ரவை கேசரி கிண்டினேன்.

அடுத்த பங்குனியில் துரியன் கிளையெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பூ அத்தனையும் தரையில் கொட்டியது. ஒரு காய் நிற்கவில்லை. வெயில் அதிகம் என்றார் இவர். அதற்கடுத்த பங்குனியிலும் அதே கதை. அப்போது வெயிலும் இல்லை, மழையும் அளவாகப் பெய்திருந்தது. மரத்துக்கு வயசாகிவிட்டது என்றார்.

அந்தச் சமயத்தில்தான் இவருடைய அண்ணன் வந்தார். மேலகரத்தில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். தோப்பில் அவருக்கும் சரிபாதி உண்டு. துரியன் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். இரண்டு மரமும் நிற்கிற இடம் தோப்பிலேயே நல்ல இடம். அங்கிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும்.

"ஏலே, காய்க்காத மரத்த வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறோம்? ரெண்டையும் எடுத்துட்டு ஆறு ரூம் கட்டுவோம். சீசனுக்கு வாரவன் ரூம் கெடைக்காம அலையுதான்."

இவர் கை மரத்தின் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. கடைசியில், "ஒரு வருசம் பாப்போம்ணே" என்றார்.

"சரி. அடுத்த வருச ஆடி வரைக்கும் டைம். அப்பவும் பழம் இல்லன்னா பேச்சு இல்ல" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டார்.

அன்று ராத்திரி இவர் சாப்பிடவில்லை. அந்த மரங்கள் என்றால் இவருக்கு உயிர். எந்த ஊர் ஸ்டேஷனுக்கு மாற்றினாலும், ஆடி மாதம் எப்படியாவது லீவு போட்டுவிட்டு முதல் பழம் விழும்போது வந்து நிற்பார். நான் பிரசவித்தபோது கூட அவ்வளவு சரியாக வந்து சேர்ந்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டலாமா என்று வாய் வரை வந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த மரங்கள் போய்விடும் என்று நினைத்து நானும் தட்டை மூடி வைத்துவிட்டேன்.

வருஷம் ஓடியது. மறுபடி பங்குனி பிறந்து துரியன் பூக்கத் தொடங்கியிருந்த நேரம், ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தார். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், ஸ்டேஷன் பழக்கம்.

"ஏலே, வீட்டுக்குப் பின்னால நம்ம புளியமரம் நிக்குதுல்லா, அதுல எங்கனயோ இருந்து வவ்வாலா வந்து தொங்குது. மூணு வாரமாச்சு. சவம், நாத்தம் தாங்க முடியல. மாடியில கால் வைக்க முடியல. நீ எப்படிலே வெரட்டுன?"

அண்ணன் இவரிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. எந்த வெடி, எந்த நேரம், எத்தனை நாள், எந்தப் பக்கம் நின்று வெடிக்க வேண்டும் என்று கால் மணி நேரம் வகுப்பே எடுத்துவிட்டார். மீதமிருந்த சரவெடிக் கட்டை அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்றைக்கு ஆரம்பிக்கலாம் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை மத்தியானம் பழக்காரி வந்தாள். செங்கோட்டைப் பக்கத்துக்காரி, இருபது சீசனாக எங்கள் தோப்புப் பழத்தை அவள்தான் எடுத்து அருவிக்கரைக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். துரியன் பூக்க ஆரம்பித்து இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. மரத்தடியில் பூ மெத்தை போட்டது போலக் கிடந்தது. குனிந்து ஒரு பூவை எடுத்து உள்ளே பார்த்தாள். பிறகு கம்பத்திலிருந்த லைட்டைப் பார்த்தாள்.

"அக்கா, இது எப்பமும் எரியுமா?"

"பொழுது சாஞ்சா விடிய விடிய எரியும். அவுக ஏற்பாடு" என்றேன்.

"வவ்வாலு?"

"அதெல்லாம் வெரட்டியாச்சு" என்றார் இவர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

பழக்காரி இடுப்பில் கை வைத்து இவரையே பார்த்தாள். "நல்ல சோலி பாத்தீங்க அண்ணாச்சி. இந்தப் பூ அந்தியிலதான் விரியும். தேன் குடிக்க வவ்வாலு வந்து, இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்குமா முகத்துல பூந்தூளோட அலஞ்சாத்தான் காய் பிடிக்கும். அத வெரட்டிட்டு, பகல் மாரி லைட்டும் போட்டு வச்சா, பின்னே எப்படிக் காய்க்கும்? மரத்து மேல பழியப் போடுதீங்க."

இவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் எத்தனையோ பேரை விசாரித்தவர், அன்றைக்குத் தானே மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி முழித்தார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். கேசரி கிண்டியவள் நான்தானே, யாரைத் திட்ட?

"ஏட்டி, அண்ணன் நாளைக்கு வெடிக்கப் போறாம்லா" என்றார். குரல் இறங்கிவிட்டது.

வௌவாலுக்கு மேலகரமும் குற்றாலமும் ஒரு தூரமே இல்லை. ஒரு ராத்திரிக்கு எத்தனையோ மைல் போய்த் தின்றுவிட்டு வருமாம். புளியமரத்தில் அதுகள் தங்கினால் எங்கள் பூவுக்கு வர வழி உண்டு. அங்கிருந்தும் விரட்டிவிட்டால் எந்தத் திசைக்குப் போகுமோ யார் கண்டது. போனில் பேசுங்கள் என்றேன். இந்த விஷயத்தைப் போனில் பேச முடியாது என்று ஸ்கூட்டரை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அண்ணன் வீட்டுக் கொல்லையில் புளியமரம் இலை தெரியாமல் வௌவாலாகத் தொங்கியது. வாடை தெரு முனைக்கே வந்துவிட்டது. அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "வவ்வாலு வீட்டுக்கு விருந்து வந்தா நீயும் தொங்கு நானும் தொங்குன்னு சொல்லுவாங்க. எங்க நெலம அப்படி ஆகிப்போச்சு. உள்ள வா" என்றாள்.

அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. மனம் விட்டுப் பேசியும் பார்த்ததில்லை. இவர் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. மகள் கல்யாணத்துக்குப் பணமுடை வந்தபோது கூட அண்ணன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நின்றவர். அன்றைக்கு அந்தப் புளியமரத்தடியில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அண்ணே, வெடிக்காத. தப்பு எம்மேலதான். அதுக வந்தாத்தான் நம்ம துரியன் காய்க்கும். நான் கோட்டித்தனமா லைட்டப் போட்டு, வெடியும் போட்டு வெரட்டிட்டேன். எனக்கு அதுக வேணும்ணே. இந்த ஆடி வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

அண்ணன் இவரை மேலும் கீழும் பார்த்தார். "நீதானலே நேத்து வந்து கட்டு கட்டா வெடியக் குடுத்துட்டுப் போன?"

"ஆமாண்ணே."

"காய்ச்சா எனக்கு ரூம் போச்சு. நாத்தமும் நான்தான் தாங்கணும். நல்லா இருக்குலே உன் நியாயம்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் உள்ளே போய்விட்டார். நாங்கள் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் சாயங்காலம் இருவரும் வாசலில் நின்று மேலகரம் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தோம், அத்தனை தூரம் கேட்காது என்று தெரிந்தும். ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன். 'வெடி வெடிக்கல, டிவி பாத்துக்கிட்டு இருக்காவ' என்றாள். அப்பாடா என்று இருந்தது.

சனிக்கிழமையே லைட்டை எல்லாம் அணைத்துவிட்டோம். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாய்ந்து, துரியன் பூ புளித்த பால் வாசத்தோடு விரிந்திருந்தது. நாங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். நிலா வெளிச்சம் இருந்தது. சேலை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். மேல்கிளை ஒன்று தாழ்ந்து ஆடியது. இவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஒரு ஆசாமி வந்துட்டாம்" என்றார் மெல்ல. கொஞ்ச நேரத்தில், "ரெண்டு. அந்தா மூணாவது."

தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூவுக்குள் முகத்தை விட்டுவிட்டு அதுகள் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தன. அத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் நான் அதை உட்கார்ந்து பார்த்ததில்லை. துணியில் எச்சம் போடுகிற ஜந்து என்றுதான் நினைத்திருந்தேன். மனசு நிறைந்து போயிற்று. உலை வைக்க மறந்து, அன்றைக்கு இரண்டு பேரும் அவல் தின்றோம்.

சித்திரையில் நெல்லிக்காய் அளவில் முள் முளைத்த பிஞ்சுகள் தெரிந்தன. முதல் மரத்தில் கணிசமாக, இரண்டாவதில் நாலே நாலு. காற்றில் பாதி உதிர்ந்தது. ஒவ்வொரு பிஞ்சு விழும்போதும் இவர் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்துவிடுவார். லைட் இல்லாததால் பன்றி மறுபடி வந்து வாழையைக் கிளறிப் போட்டது. ஒவ்வொரு நாள் காலையும் அந்தப் பள்ளங்களைப் பார்த்துவிட்டு இவர் கை சுவிட்சுக்குப் போகும். "ஆடி" என்பேன். கை திரும்பி வரும். ரம்புட்டானுக்கு மட்டும் வலை வாங்கிக் கட்டினோம். வலைக்கு வெளியே இருந்ததை வௌவால் தின்றது. தின்றுவிட்டுப் போகட்டும் என்று இவரே சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆனி கடைசியில் சாரல் பிடித்தது. துரியனைப் பறிக்கக் கூடாது, தானாக விழ வேண்டும். அது தலையில் விழுந்தால் ஆள் அவ்வளவுதான் என்பதால் இவர் பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் மரத்தடியில் ரோந்து போவார். ஆடி மூன்றாம் நாள் விடிகாலை, சாரலுக்கு நடுவில் தொம்மென்று ஒரு சத்தம். நான் கதவைத் திறப்பதற்குள் இவர் ஹெல்மெட்டோடு ஓடிவிட்டார். பழத்தைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வாடை வீடு முழுக்கப் பரவியது. இந்தத் தடவை நான் யாரையும் கூப்பிடவில்லை.

"கெளம்பு. அண்ணன்கிட்ட காட்டிட்டு, மரத்த வெட்ட வேண்டாம்னு ஒரு வார்த்த வாங்கிட்டு வந்துருவோம்" என்றார். அவருக்கு உள்ளே இன்னும் பயம். ஒரு பழத்தைப் பார்த்துவிட்டு, இது போதாது என்று அண்ணன் சொல்லிவிட்டால்?

மேலகரத்தில் அக்கா கதவைத் திறந்தாள். பழத்தைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அண்ணன் எங்கே என்று கேட்டோம். மேலே கையைக் காட்டினாள். அவர் மொட்டைமாடியில் வாளியும் விளக்குமாறுமாக நின்று எச்சத்தைக் கழுவிக்கொண்டிருப்பது படியிலிருந்தே தெரிந்தது.

"தெனமும் விடிஞ்சா இதுதான் அவுகளுக்குச் சோலி. வேலக்காரி வர மாட்டேன்னுட்டா. நான் மேல ஏறவே மாட்டேன்னுட்டேன். பங்குனியில இருந்து அவுகதான் கழுவுதாவ" என்றாள் அக்கா.

"ரூம் விசயம் என்ன செய்யப் போறாகளாம்?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "எந்த ரூம்? அன்னைக்கு நீங்க வந்துட்டுப் போனீங்கல்லா, அந்தப் பத்து நிமிசத்துலயே, ரூம் கட்டப் பேசி வச்சிருந்த மேஸ்திரிக்குப் போனப் போட்டு, மரம் நிக்கட்டும், நீ வர வேண்டாம்னு சொல்லிட்டாவளே. உங்ககிட்ட சொல்லலயா?"

நான் இவரைப் பார்த்தேன். பழத்தைக் கையில் ஏந்தியபடி அப்படியே நின்றார். நாலு மாதம். ஒவ்வொரு பிஞ்சு விழுந்ததற்கும் சோறு இறங்காமல் கிடந்த நாலு மாதம்.

அண்ணன் வாளியோடு படியில் இறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கால் முழுக்க ஈரம். பழத்தைப் பார்த்தார், பக்கத்தில் வந்து ஒரு தடவை முகர்ந்தார். முகம் மலர்ந்ததை அவரால் மறைக்க முடியவில்லை.

"ஏண்ணே, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றார் இவர்.

"சொல்லியிருந்தா நீ மறாநாளே லைட்டப் போட்டிருப்பலே" என்றார் அண்ணன்.

இவர் பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணன் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்.